சம்பேத்தா கடைக்குக் கால் வாங்கப் போன கேப்டன்

இது சத்தியமா நடந்தது. நம்ம தீவுச் சாமி மேல ஆணை. சரி சரி, அங்கங்க கொஞ்சம் இழுத்து விட்டிருப்பேன். வலைன்னா இழுக்காமலா இருப்பாங்க?

கோயில் படிக்குக் கீழ வேண்டுதல் தகடு விக்கிறாளே சம்பேத்தா, அவ கதைதான். கை, கால், கண்ணு, காதுன்னு தகரத்துல அடிச்சுத் தொங்கவிட்டிருப்பா. எந்த எடம் சரியாகணுமோ அந்தத் தகட்ட வாங்கிச் சாமி படத்துல மாட்டணும். ஆனா அவகிட்ட சும்மா வாங்கிட முடியாது. காலு குடுன்னு கேட்டா, "இடுப்புக்குக் கீழ நகம் வரைக்கும் காலுதான். சாமி எங்கன்னு போய்த் தேடும்? தொட்டுக் காட்டு"ம்பா. தொடை, முட்டி, கெண்டைக்கால், கணுக்கால், பாதம், எல்லாம் தனித்தனி. சுண்டுவெரலுக்கு ஒண்ணு வெச்சிருக்கா, கொசு றெக்கை அளவு. தும்முனா அடுத்த தீவுக்குப் பறந்துரும்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் கேப்டன் ஸ்ட்ராத்திஸ் வந்து காலு கேட்டார். தொடச் சொன்னா. முட்டியத் தொட்டார். மூஞ்சி பொய் சொல்லுதேன்னா. தொடைக்கு ஏறினார். இன்னும் மேலயான்னா. ஆளு வேகவெச்ச நண்டு மாதிரி செவந்துட்டார்.

"உக்கார முடியல சம்பேத்தா. கட்டி."

திருவிழாவுல சாமி படத்த மடியில வெச்சு, படகுல உக்காந்து தொறமுகத்தச் சுத்தி வரணும். அவரு தாத்தா, அப்பா உக்காந்த எடம். இவரு உக்காரலேன்னா படம் மச்சான் ஸானிஸ் மடிக்குப் போயிரும், அப்புறம் திரும்பாது.

சம்பேத்தாவுக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துச்சு. அந்த முகத்தப் பார்த்து முழுங்கிட்டா. அந்த எடத்துக்கு அவகிட்ட அச்சும் இல்ல, இதுவரைக்கும் கேட்டவனும் இல்ல. ஆலிவ் எண்ணெய் டின்ன வெட்டி, கரண்டி முதுகால தட்டித் தட்டி, ரெண்டு பக்கமும் உப்பலா, நடுவுல பள்ளமா அவளே ஒண்ணு செஞ்சா. எந்தப் பக்கம்னு கேட்டு, இடது பக்கம் ஆணியால ஒரு புள்ளியும் வெச்சா.

கேப்டன் அதச் சாமி படத்துல மாட்டினதும், பாதிரியார் பீச் பழம்னு நெனச்சுத் தோட்டத்துக்கெல்லாம் ஜெபம் பண்ணிட்டார். அந்த வருஷம் பீச் ஒவ்வொண்ணும் கழுதைத் தலை பெருசு. என்ன, எல்லாப் பழத்துலயும் இடது பக்கம் ஒரு புள்ளி.

திருவிழாவும் வந்துச்சு. கேப்டன் கையில படம், ஸானிஸ் பக்கத்துலயே காத்துக்கிட்டு நிக்கிறான். கரையில சம்பேத்தா ஏப்ரனப் போட்டுக் கசக்குறா. படகுப் பலகை மேல கேப்டன் மெல்ல எறங்கினார். இன்னும் கொஞ்சம். உக்காந்துட்டார். மூஞ்சி சுளிக்கல. சம்பேத்தாவப் பார்த்து மீசைக்குள்ள ஒரு சிரிப்பு. சாமிக்கு எடம் சரியாத் தெரிஞ்சுபோச்சு, பாத்தீங்களா...

"சாமியாவது? அடியில நான் குடுத்த வாத்து எறகுத் தலகாணி"ங்கிறான், பக்கத்துல உக்காந்து இந்தக் கதையக் கேட்டுக்கிட்டிருக்கிற கோஸ்மாஸ்.

"ஓஹோ, காணாமப்போன என் கல்யாணத் தலகாணி அங்கதான் போச்சா?" எங்களுக்குக் காப்பி ஊத்திக்கிட்டிருந்த அவன் பொண்டாட்டி ஃபொத்தினி சட்டியோட எந்திரிச்சுட்டா.

ஏம்மா, அந்தக் காப்பிச் சட்டியக் கீழ வை. சூடா இருக்கு.