பெட்டியில் வந்த சிலிக்கான்

துபாயிலிருந்து கணவர் அனுப்பிய பெட்டியில் சோப்பு, பவுடரோடு சிலிக்கான் டியூப்களும் வந்திருந்தன. ஜன்னல்களைச் சுற்றியிருந்த வெடிப்புகளை அதை வைத்தே அடைத்தேன்.

நேற்று பெயிண்ட் அடித்தோம். இன்று காலை பார்த்தால், சிலிக்கான் வைத்த இடத்தில் மட்டும் பெயிண்ட் பிடிக்காமல் திட்டுத்திட்டாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழா. வீடு நிறைய விருந்தாளிகள் வருவார்கள்.

நாத்தனாரோடு குழித்துறை பெயிண்ட் கடைக்குப் போனேன்.

"சிலிக்கான் மேல பெயிண்ட் ஒட்டாதுக்கா. பெயிண்ட் பிடிக்கிற அக்ரிலிக் சீலண்ட்தான் வச்சிருக்கணும்," என்றார் கடைக்காரர்.

"இப்போ அத சிலிக்கான் மேலயே வச்சா?"

"அதுவும் ஒட்டாது. முழுசும் சுரண்டி எடுக்கணும்."

"அண்ணன் ஆசையா அனுப்புனதாக்கும். கர்ட்டன் போட்டு மறச்சிரலாம் மைனி," என்றாள் நாத்தனார்.

"நாலு ஜன்னல், நாலு நாள் இருக்கு. நான் சுரண்டுவேன்."

ஸ்டூலில் ஏறி, பிளேடும் கையுமாக நிற்கும்போது கணவரின் வீடியோ கால்.

"பாத்தியா, துபாய் சாதனம்! எத்தன வருஷமானாலும் விட்டு வராது."

"அதத்தான் ரெண்டு மணிக்கூறா பாத்துட்டு நிக்கேன்," என்றேன்.

ஒரு ஜன்னல் முடிந்தது. உங்கள் வீட்டுக்கும் இப்படிப் பெட்டியில் டியூப் வந்திருந்தால், அது இப்போது எந்தச் சுவரில் இருக்கிறது?