தடிக்காரியின் பெயர் வரிசை

ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில், எங்கள் தொடர்மாடிக்கு எதிரே ஒரு பிளாசா. கீழே ரொட்டிக் கடை, அதன் மேல்மாடியில் கராத்தே வகுப்பு. கீழே ஆட்டுக்கறி கொதிக்க, மேலே நாங்கள் காற்றை உதைத்தோம். பசியோடு உதைத்த உதைகள். நல்ல உயரம் போயின.

மாஸ்டர் ஜமைக்காவில் பிறந்தவர், பகலில் பஸ் ஓட்டுபவர். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. காட்டா என்பது எதிரே ஆளே இல்லாமல், அடியும் தடுப்பும் வரிசை தவறாமல், தனியே ஆடி முடிக்கும் முழுச் சண்டை. அதைத் தொடங்குமுன் சுவரில் மாட்டியிருந்த படங்களை வணங்கி, அது யாரிடமிருந்து வந்தது என்று உரத்துச் சொல்ல வேண்டும். மாஸ்டருக்குப் பழக்கியவர், அவருக்குப் பழக்கியவர், அப்படியே பின்னால், இன்னும் பின்னால், ஒகினாவாத் தீவில் துடுப்பையும் தண்ணீர் காவும் தடியையும் சண்டைக்குத் திருப்பிய மனிதர்கள்வரை. ஒரு பெயரை விழுங்கினாலும் மறுபடி முதலிலிருந்து. என் சொந்தப் பூட்டனின் பெயர் எனக்குத் தெரியாது. அந்தத் தீவுக்காரரின் பெயர்கள் நித்திரையிலும் வரும்.

எனக்குப் பத்து வயதான மாரியில் என்னைத் தடி வகுப்புக்கு ஏற்றினார்கள். என்னைவிட உயரமான தடியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, பனிக்குள் இழுத்து, லிஃப்டுக்குள் சரித்துப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"அம்மா, நான் இப்ப வெப்பன்ஸ் ட்ரெயினிங்!"

குசினியில் அம்மாவின் அகப்பை நின்றுவிட்டது. "என்னெண்டு சொன்னனீ?"

"ஆயுதம் அம்மா. இதுக்குப் பேர் போ."

"போ எண்டு பேர் வைச்ச சாமானை ஏன் உள்ளுக்குக் கொண்டந்தனீ?" என்றார் அப்பா. வேறொரு நாளென்றால் சிரித்திருப்போம்.

அடுத்த கிழமை எங்கள் அகதி விசாரணை. அப்பா, அம்மா, நான், எங்களோடு இருந்த அம்மாவின் தம்பி, எல்லோருக்கும் ஒன்றாக. மாமாவின் பகுதிதான் இடறிக்கொண்டிருந்தது. ஊரில் அவரை ராணுவம் பிடித்து முகாமில் வைத்திருந்தது. ஆயுதப் பயிற்சி எடுத்தவர் என்று சந்தேகம். எடுக்கவில்லை என்பதை இங்கே நம்பவைக்க வேண்டும். நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்படியொரு நேரத்தில் அதே வீட்டுக்குள் ஒரு ஆயுதப் பயிற்சிக்காரி.

"லோயர் ஒண்டையும் மறைக்கக் கூடாதெண்டெல்லோ சொன்னவர்," என்றார் அம்மா. "வீட்டில ஆரும் பழகினவையோ எண்டு கேட்டா, சத்தியம் பண்ணிப்போட்டு என்னத்தைச் சொல்லுறது?"

மாமா மட்டும் விரிப்பை அவிழ்த்து, தடியைக் கையிலேந்திப் பாரம் பார்த்தார். "அக்கா, இது எங்கட சிலம்பமெல்லோ! காஞ்சிபுரத்தில இருந்து ஒரு துறவி சீனாவுக்குக் கொண்டுபோக, அங்கயிருந்து உவங்கள் எடுத்தவங்கள். பிள்ளை, உன்ர மாஸ்டரிட்டச் சொல்லு, கடைசியா எங்கட ஆளின்ர படத்தையும் மாட்டச் சொல்லி." மாமாவின் உலகத்தில், தமிழன் தொட்டுவிடாமல் எதுவும் புறப்பட்டதில்லை.

"நீ சும்மா இரடா!" என்றார் அம்மா.

தடி அலுமாரிக்குப் பின்னால் போனது. எனக்கு அப்பாவின் கட்டளை: "கேட்டா மட்டும் கதை. கேக்காட்டி வாய் திறக்காதை."

நகரின் நடுவே ஓர் உயர்ந்த கட்டடம். நீண்ட மேசை, மூலையில் கொடி. விசாரித்த பெண்மணிக்குத் தடிமன். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் மூக்கைத் துடைத்தார். ஆயுதப் பயிற்சி பெற்றீரா என்று மாமாவைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

"இல்லை."

அப்படியென்றால் ஏன் அவ்வளவு காலம் வைத்திருந்தார்கள்? என்ன கேட்டார்கள்?

"பேர் கேட்டவை," என்றார் மாமா. காஞ்சிபுரத்துக்கும் சீனாவுக்கும் பாலம் போட்ட வாய் அங்கே பூட்டிக்கொண்டது. அம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின.

அந்தப் பெண்மணி பேனாவை வைத்தார். எல்லோரும் ஒருமுறை மூச்சு விடட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடம் முடிந்தபின் என்ன செய்வாய் என்று கேட்டார்.

கேட்டுவிட்டார்! கேட்டால் கதைக்கலாம் என்பது அப்பாவின் வாக்கு.

ஆயுதப் பயிற்சி என்றேன், அழகான ஆங்கிலத்தில். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண்மணியின் கைக்குட்டை மூக்குக்குப் போகும் வழியில் நின்றது.

"யார் பழக்குகிறார்கள்?"

அதுதானே நான் எப்போதும் சொல்வது. எழுந்தேன். சுவரில் படங்கள் இல்லாததால் கொடியைப் பார்த்து வணங்கினேன். ரொட்டிக் கடைக்கு மேலே இருக்கும் மாஸ்டர், அவருக்குப் பழக்கியவர், அவருக்குப் பழக்கியவர் என்று ஒரே மூச்சில், ஒரு பெயர் தப்பாமல், கடலைத் தாண்டித் துடுப்புக்காரர்வரை போனேன். அங்கேயும் நிற்கவில்லை. சீனா, காஞ்சிபுரம், துறவி; கடைசியில் மாமா. ஏனென்றால், துறவியைப் பற்றிச் சொன்னவர் மாமாதானே.

ஒவ்வொரு பெயருக்கும் மாமாவின் தலை ஒருமுறை உள்ளே இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவருக்கும் தடிமன் தொற்றிவிட்டது என்று நினைத்தேன்.

அந்தப் பெண்மணி சிரித்தார். மொழிபெயர்ப்பாளரும் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்தபோது மாமா தானாகவே பேசத் தொடங்கினார், மிக மெதுவாக. உடனே அம்மா என்னை வெளியே கூட்டிப்போனார். நடைவழியில் ஜூஸ் குடித்தேன். வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. அப்பா சுவரைப் பிடித்தபடி வந்து, "எல்லாருக்கும் சரியாம்," என்றார். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். லிஃப்டுக்குள் அப்பா என் காதைப் பிடித்தார். திருகவில்லை. பிடித்தபடியே சிரித்தார், பதினைந்து மாடியும்.

மாமா உள்ளே என்ன சொன்னார் என்பதை, அப்பா வழியாக அறிந்திருந்த அம்மா, நான் வளர்ந்த பிறகுதான் சொன்னார். முகாமிலும் அதே கேள்விதான். யார் பழகினவன், அவனுக்கு யார் பழக்கினது, அவனுக்கு யார்? மாமா பழகவில்லை, பழகியவர்களை அறிவார், ஊரில் ஒரே ஒழுங்கையில் ஓடி விளையாடியவர்கள். ஒரு பெயர் சொன்னால் ஒரு வீட்டுக்கு ஜீப் போகும். அவர் ஒன்றையும் சொல்லவில்லை. சொல்லாததற்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அம்மா எனக்கு இன்றுவரை சொன்னதில்லை.

அன்று ஸ்காபரோவுக்குத் திரும்பும் ரயிலில் மாமா என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"பிள்ளை, அந்தப் பேருகளை இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்தவர்களையும் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒருவரும் திரும்பவில்லை, ஒருவரும் எழுந்து வரவில்லை.

"இன்னும் உரத்துச் சொல்லு," என்றார் மாமா.

பாடமாக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, அவருக்கு விளங்கட்டும் என்று, ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.