மூணு வழி பார்த்துட்டுக் கூப்பிடு

ஷோபா மிஸ்ஸை எல்லாரும் அவங்க இவங்க என்பார்கள். எனக்கு மகள் வயசு, நான் அவள் என்றுதான் சொல்வேன். அப்படியே எழுது, திருத்தாதே.

ஜோகுபாளையத்தில் எங்கள் பள்ளிக்கூடம் சின்னது. அங்கே பெல் அடிப்பதும் கக்கூஸ் கழுவுவதும் என் வேலை. ஷோபா கணக்கு டீச்சர். சனிக்கிழமை கடைசி பீரியடில் மட்டும் நோட்டை மூடச் சொல்லுவாள். வீட்டில் கேஸ் நாற்றம் வந்தால் என்ன செய்வே? மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் தனியாக மாட்டிக்கொண்டால் எந்த பஸ் பிடிப்பே? இப்படித்தான் கேட்பாள்.

"போர்ஷனே முடியலை, இதுல வாழ்க்கைப் பாடம் வேறயா?" என்று ஹெட்மாஸ்டர் இடிப்பார்.

"போர்ஷன் பரீட்சையில வரும் சார். கேஸ் வீட்டுல வருமே" என்பாள்.

அவளிடம் ஒரு சட்டம் உண்டு. பிள்ளை எதற்காவது அழுதுகொண்டு வந்தால் மூன்று விரலைக் காட்டுவாள். நீயே மூணு வழி பாரு, மூணும் ஆகலைன்னா பெரியவங்களைக் கூப்பிடு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். கூப்பிட்டாலும் ஆள் இருக்காது. அதை நினைத்துத்தான் அப்படிப் பழக்கினாள்.

ஒருநாள் ஏழாம் கிளாஸ் தர்ஷினி கக்கூஸுக்குள் மாட்டிக்கொண்டாள். தாழ்ப்பாள் இறுகிப்போச்சு. நான் சுத்தியலோடு ஓடினேன். ஷோபா மறித்தாள்.

"கொஞ்சம் இருங்க ஆயாம்மா."

"புள்ள உள்ள அழுவுது."

"அழட்டும். வந்துடுவா."

பிள்ளை கையிலிருந்த ஸ்கேலைத் தாழ்ப்பாளில் விட்டு நெம்பி வந்துவிட்டாள். கிளாசே கை தட்டியது. அப்புறம் செருப்பு வார் அறுந்தால்கூட மூன்று வழி பார்த்துவிட்டு ஷோபாவிடம் வந்து ஒப்பிப்பாள்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தர்ஷினியின் அம்மா மமதா இந்திராநகரில் அபார்ட்மெண்ட் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா பிரகாஷ் பெயிண்டர். வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், வாய் பேச வரவில்லை. பிள்ளை பதறவில்லை. வாயு என்று நினைத்துச் சோடா கொடுத்தாள். தைலம் தேய்த்தாள். சட்டையைக் கழற்றி, ஈரத்துணி போட்டு விசிறினாள். மூன்று வழியும் பார்த்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அந்த வீட்டு யூஜின் அவ்வளவு நேரமும் வாசலில் தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அரை மணி முன்னாடி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிள்ளை காதுபடச் சொன்னார்கள்.

காரியம் முடிந்தும் தர்ஷினி பள்ளிக்கூடம் வரவில்லை. ஷோபா அவள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"போகாதீங்க. தப்பு நம்மதுன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நம்மது இல்ல சார், என்னுது."

நானும் கூடப் போனேன். தர்ஷினி சுவரோரம் இருந்தாள். ஷோபா தரையில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, நீ சரியாத்தான் செஞ்சே. உயிர் போற விஷயம்னா முதல்லயே கத்தணும். அதை நான் சொல்லிக்குடுக்கல."

"யூஜின் அங்கிள் இருக்காருன்னு தெரியும் மிஸ். ஆட்டோவுல பாட்டு கேட்டுச்சு. நானே சரி பண்ணிட்டு திங்கக்கிழமை உங்ககிட்ட சொல்லலாம்னு..."

அடுப்பண்டை இருந்து மமதா கேட்டாள்: "கை தட்டு வாங்க என் புருஷன்தான் கெடச்சாரா மிஸ்?"

ஷோபா எழுந்து வெளியே வந்தாள். நானும்தான்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். மமதா கதவைச் சாத்துவாள், இவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவாள். ஒன்பதாம் நாள் மமதாவே பிள்ளையை வெளியே விட்டாள். "மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க. வேலைக்குப் போகணும், தனியா விடப் பயமா இருக்கு. கூட்டிட்டுப் போங்க."

தெருவில் ஷோபாவைக் கொலைகாரி என்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். அவள்மேல் தப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அவளே அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை மொத்தக் கிளாசையும் எழுப்பி, என் சட்டம் தப்பு என்று சொன்னாள். வாய்விட்டுக் கத்தப் பழக்கினாள். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் கத்தினார்கள். தர்ஷினி வாய் திறக்கவில்லை.

இப்போது அவள் எல்லாவற்றுக்கும் கேட்கிறாள். மிஸ், பென்சில் சீவட்டுமா? மிஸ், ஜன்னலைச் சாத்தட்டுமா? ஒரே பீரியடில் பத்துத் தடவை. மற்ற பிள்ளைகள் கேலி பண்ணுகிறார்கள். ஷோபா ஒவ்வொரு தடவையும் சாக்பீஸை வைத்துவிட்டு அவள் பெஞ்சு வரைக்கும் போய், "சீவு கண்ணு" என்கிறாள்.