தவமணி அக்கா தேடிய வெள்ளி

செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை செய்யும் சின்யோராவின் வீட்டில் இஸ்திரிப்பெட்டியால் சட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். தவமணி அக்கா விடியற்காலையில் போய்விட்டாராம். அவருடைய தொலைபேசியில் முதல் இலக்கம் என்னுடையது. அழுத்திய சட்டையையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு நின்றேன்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் போர்கோ வெக்கியோ பகுதியில், ஓர் அறையில் ஆறு வருடம் ஒன்றாக இருந்தோம். நான் மன்னார்க்காரி, அவர் வன்னி. போர் முடிந்தபின் தனியாக வந்தவர். வயதான ஒரு பெண்மணியைப் பராமரித்தார். கதைப்பது குறைவு. எங்களவர்களுக்கு அவர் வெறும் 'புதையல் அக்கா'. அந்தப் பட்டத்தை வைத்தவள் நான்தான். இப்போது வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

வந்த கொஞ்ச நாளிலேயே பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கினார். நிலத்துக்கு மேலே ஆட்டிக்கொண்டு நடந்தால், கீழே உலோகம் இருக்கும் இடத்தில் அது கத்தும். ஞாயிறுகளில் நாங்கள் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போவோம். அவர் காதில் ஹெட்போனோடு ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரைக்குப் போவார். போத்தல் மூடி, ஆணி, தூண்டில் ஈயம் என்று அள்ளி வருவார். ஒருமுறை தங்க மோதிரம் கிடைத்தது. பக்கத்து உணவகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார். பைத்தியம் என்று நினைத்தேன்.

பக்கத்து ஊரான பகேரியாவில் என் சின்யோராவுக்கு ஆளில்லாமல் கிடந்த ஒரு வீடு இருந்தது. மெசினோடு பழகிப்பார்க்க அக்காவுக்கு ஓர் இடம் வேண்டுமென்று நான் கேட்டதும் சாவியைத் தந்தார். கூரை விழுந்து, தோட்டம் பற்றையாகிக் கிடந்தது. அக்கா ஒரு வெள்ளிக் கரண்டியை என்னிடம் நீட்டினார்.

"மேரி, இதை ஆணியளோடை எங்கையாவது மண்ணுக்குள்ளை தாட்டு வையும். நான் பாக்கேல்லை."

மூன்று முறை இடம் மாற்றித் தாட்டேன். சத்தத்தை மட்டும் கேட்டு மூன்று முறையும் கண்டுபிடித்தார்.

"தங்கத்தை விட்டிட்டுக் கரண்டி தேடுறியளே அக்கா!" என்று சிரித்தேன்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"என்ரை மகனுக்கு நாலு வயசு. செல் குண்டு விழுந்தது. பங்கருக்குப் பக்கத்திலை தாட்டனாங்கள். அரைஞாணைக் கழட்டச் சொல்லிச்சினம். நான் விடேல்லை. அது வெள்ளி மேரி. கத்தும்."

அதன்பின் நான் சிரிக்கவில்லை. ஊருக்குப் போய்த் திரும்ப பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி வேண்டும்; அதற்காக அவரோடு நானும் நாள் எண்ணினேன். கிடைத்ததும் மெசினைத் துண்டு துண்டாகக் கழற்றி உடுப்புகளுக்குள் வைத்து வன்னிக்குக் கொண்டுபோனார். ஒரு மாதத்துக்கென்று போனவர் பத்தாம் நாளே திரும்பிவிட்டார்.

"கத்தேல்லையோ அக்கா?"

"கத்தினது. கால் வைச்ச இடமெல்லாம் கத்தினது. செல் துண்டு, சன்னம், தகரம். பங்கரும் இல்லை, மரமும் இல்லை. வெள்ளிச் சத்தமும் நாலைஞ்சு இடத்திலை கேட்டது. ஒரு இடத்திலை தோண்டினன். சின்னக் கொலுசு. என்ரை பிள்ளை கொலுசு போடேல்லை. திரும்ப மூடிப்போட்டு வந்திட்டன்."

அன்று அழுததுபோல் அவர் அழுது நான் கண்டதில்லை. அடுத்த வருடமே நோய் பிடித்துக்கொண்டது. கடைசிக் கிழமையில் என் கையைப் பிடித்துச் சொன்னார்.

"சாம்பலைக் கடலிலை கரைக்க வேண்டாம். அந்தக் காணி முழுக்கத் தூவிவிடும். எங்கையாவது கொஞ்சம் அவனிலை படும்."

போய் வாருங்கள் அக்கா. வருகிற மாதத்துக்குப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன். ஒரு மூலையும் விடமாட்டேன்.