பெல்ட் எடுத்த அப்பா

பெயிண்ட் அடிக்க வந்த முருகேசன் வேலை முடிந்து மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எங்கள் பழைய போத்தனூர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்பாவுக்கு ரயில்வே வேலை. வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் குந்தி, விரலிடுக்கில் ஒட்டிய கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்ப்பார். அப்புறம் சோப்பு. அதற்கப்புறம்தான் என் நோட்டைத் தொடுவார். "இன்னைக்கு என்னங் கண்ணு எழுதுனீங்க?" பெற்ற மகனிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

இருபத்திரண்டு வயதில் முதல் நாவல் எழுதியபோது இப்படிப்பட்ட அப்பா எனக்குச் சப்பென்று இருந்தார். நாவலில் அவர் கையில் பெல்ட்டைக் கொடுத்து, வாயில் 'டா'வைப் போட்டேன். அடி வாங்கும் மகனுக்கு என் பெயரையே வைத்தேன். படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க கண்ணு" என்றார் அப்பா. அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த மேடையிலும் நான் அடிவாங்கி வளர்ந்த எழுத்தாளன். இல்லையென்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கையைத் துடைத்துக்கொண்டே முருகேசன் சொன்னார்: "உங்க மொத நாவலைப் படிச்சுப்போட்டு அழுதுட்டேனுங்க. உங்கப்பா என்ன அடி அடிச்சிருக்காரு!"

"அது கற்பனைங்க. எங்கப்பா என்மேல கை நீட்டுனதே இல்லீங்க" என்று கத்தியேவிட்டேன்.

"இருக்கட்டுங்க. என்ன இருந்தாலும் பெத்தவரை விட்டுக்குடுப்பீங்களா?"

விட்டுக்கொடுத்து முப்பது வருடம் ஆகிறது.