மதினியின் ஐந்து ரூபாய்

என் நாணய ஆல்பத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரே ஒரு பை மட்டும் காலியாக இருக்கிறது. அதன் கீழே என் கையெழுத்தில், 'ஐந்து ரூபாய், பிறைவெட்டு, அச்சுக்கு முன் நேர்ந்த பிழை' என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன். காசு வருவதற்கு முன்பே சீட்டு எழுதிவிட்ட என் அவசரத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்தக் காசு எதிர்வீட்டில், என் அண்ணன் மனைவியின் பர்ஸில் இருக்கிறது.

மதினிக்குச் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலை. அச்சாகி வரும் தாள்களைப் புரட்டி, நல்லது ஒரு பக்கம், வேஸ்ட் ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டும். விருதுநகரிலிருந்து காலையில் வேன் ஏறுவார். ஒருநாள் மினிபஸ்ஸில் சில்லறையாக வந்த ஐந்து ரூபாயை, வேன் நிற்கும் இடத்துப் பெட்டிக்கடையில் கொடுத்திருக்கிறார். பிஸ்கட்டைக் கடித்தது போல ஓரத்தில் ஒரு துண்டு இல்லாத காசு. கடைக்காரர் அதைத் தூக்கிக் காட்டி, காசை வெட்டிக் கொண்டுவந்து தள்ளிவிடப் பார்க்கிறார் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அன்று முதல் வேனில் மதினிக்கு 'வெட்டுக்காசு' என்றே பெயராகிவிட்டது. மற்றவர்களுக்குக் கேலி, மதினிக்கு மானப் பிரச்சினை. நேராக என்னிடம் வந்தார். காசு விஷயத்தில் தெருவுக்கே நான்தான் நீதிபதி என்று எனக்கு ஒரு நினைப்பு. தோசையை மென்றபடி, லென்ஸைக்கூட எடுக்காமல், யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொன்னேன். அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். பார்த்தும் இன்னொரு தோசைதான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதினி இரண்டு வேஸ்ட் தாள்களோடு வந்தார். இரண்டிலும் மயில்மேல் முருகன்; இரண்டிலும் மூலை மடங்கியிருந்தது. ஒன்றைப் பிரித்தார், படம் முழுசாக இருந்தது, மடிப்புக்கோடு மட்டும் தெரிந்தது. மற்றதைப் பிரித்ததும் மூலை வெள்ளையாக இருந்தது. தோகையின் ஒரு துண்டு தாளின் முதுகில் அச்சாகியிருந்தது.

"பொறவு மடங்குனா மடிப்பு மட்டுந்தான் விளும். முன்னாலயே மடங்கியிருந்தா அச்சே அதைச் சொல்லிரும். காசுக்கும் அப்படித்தான இருக்கணும், கொளுந்தனாரே?"

லென்ஸை எடுத்துக் காசின்மேல் வைத்தேன். அரத்தால் ராவியிருந்தால் எழுத்துகள் வெட்டு விழுந்த இடத்தில் சட்டென்று அறுந்திருக்கும். இதிலோ எழுத்துகள் ஓரத்தை நோக்கி இழுபட்டு மெலிந்து மறைந்தன. வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பும் சரியாக எழும்பாமல் மழுங்கிக் கிடந்தது. தகட்டிலிருந்து காசுக்கான வெற்று வில்லையை வெட்டும்போது, முன்பே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டு விழுந்துவிட்டால் இப்படி ஆகும். குறையோடு பிறந்த வில்லைமேல்தான் அச்சு இறங்கியிருக்கிறது. அதன்பிறகு எந்த மனிதக் கையும் அதை வெட்டவில்லை. புத்தகம் புத்தகமாகப் படித்தவன் நான். பார்க்கத் தெரிந்தவர் மதினி.

மறுநாள் காலை லென்ஸோடு வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். கடைக்காரரிடமும் வேன் பெண்களிடமும், காசு, அதை அச்சடிக்கும் தங்கசாலையிலிருந்தே இப்படித்தான் வந்தது, மதினி கேட்டபோது பார்க்காமலே தப்பாகச் சொன்னவன் நான் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் காது சூடாகிவிட்டது. ஒவ்வொருவராக லென்ஸை வாங்கிப் பார்த்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், யாரும் ஏறவில்லை. கடைக்காரர் கடைசியாகப் பார்த்துவிட்டு, "தப்பா நெனச்சுட்டேன்க்கா, குடுங்க, வாங்கிக்கிடுதேன்" என்றார். மதினி காசைப் பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

அன்று மாலையே சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, ஆல்பத்துக்குக் கேட்டுப் போனேன். கிடைக்கவில்லை. இப்போதும் விசேஷ நாட்களில் மதினி எங்கள் வீட்டுக்கு வந்தால் ஆல்பத்தைக் கேட்டு வாங்குவார். ஏழாம் பக்கத்தைத் திருப்பி, காசை அந்தப் பையில் செருகி, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"அளவு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, திரும்ப எடுத்துப் பர்ஸில் போட்டுக்கொள்வார்.