வெள்ளிக்கிழமைகளில் நான் கொட்டியது

முதலில் வாடையைச் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாவற்றையும் மருத்துவமனையில் சொல்லித் தருவார்கள். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. புளித்த மாவும் வாந்தியும் கலந்த வாடை. எத்தனை முறை கை கழுவினாலும் நகக்கண்ணில் இருக்கும்.

என் கணவர் லாரி ஓட்டுகிறவர். பெம்பான் என்ற ஊரில் சரக்கு இறக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். குடல் முறுக்கிக்கொண்டு ஒரு பகுதி அழுகியிருந்தது. அதை வெட்டியெடுத்தார்கள். மிஞ்சிய இரண்டு முனைகளையும் உடனே இணைக்க முடியாது என்று, வயிற்றின் மேல் இரண்டு ஸ்டோமாக்களாக (குடலின் திறந்த வாய்கள்) வைத்துவிட்டார்கள். மேல்வாயில் ஒரு பை. தின்றதெல்லாம் பச்சையும் மஞ்சளுமான கூழாக அதில் இறங்கும். கீழ்வாய் சும்மா கிடக்கும்.

பாயா ரும்புட்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு வேலை சொன்னார். தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று மறுபடி கேட்டேன். இல்லை. பையிலிருக்கும் கூழை உடனுக்குடன் வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்து, குழாய் வழியாகக் கீழ்வாய்க்குள் மெல்லச் செலுத்த வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. எடை ஏறினால்தான் குடலை இணைக்கும் அறுவை.

முதல் நாள் வடிகட்டியில் கேரட் துண்டைப் பார்த்து நான் வாந்தியெடுத்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அன்பிருந்தால் அருவருப்பு வராது என்கிறவர்கள் ஒரு வேளை வந்து செய்துபார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. வீடு கழுவி, தலைக்குக் குளித்து விளக்கேற்றிவிட்டால் நான் அசுத்தம் எதையும் தொடமாட்டேன். அன்று மாலைக் கூழைக் கழிவறையில் கொட்டினேன். ஈடாக இரண்டு தம்ளர் சத்துமாவுப் பால் கொடுத்தேன். வேளைகளைக் குறிக்க மருத்துவமனையில் தந்த குறிப்பேட்டில் 'கொடுத்தாயிற்று' என்று எழுதினேன். அடுத்த வாரம் செவ்வாயும் சேர்ந்துகொண்டது. பிறகு அலுப்பாக இருந்த நாளெல்லாம் எனக்கு விரத நாளாயிற்று.

எடை இறங்கியது. இந்த வேலையைச் சொன்ன, என்னை அக்கா என்று கூப்பிடும் இளம் தமிழ் டாக்டர் குறிப்பேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். எல்லாம் சரியாகக் கொடுத்தும் ஆள் கரைகிறாரே, உள்ளே வேறு கோளாறோ, மறுபடி வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டுமோ என்றார். அதைக் கேட்டதும் என் வாயில் உண்மை வந்துவிட்டது.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்தக் கூழில்தான் உமிழ்நீர், பித்தம், கணைய நீர் (உணவை உடைக்கும் நொதிகள் கொண்ட சுரப்பு) எல்லாம் இருக்கின்றன என்றார். உடம்பு அவற்றை நாள்தோறும் லிட்டர் கணக்கில் ஊற்றி, கீழ்க்குடலில் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ளுமாம். பித்த உப்பு ஈரலுக்குப் போய் அதே நாளில் மறுபடி வருமாம். வேலை முடிந்த நொதிகளும் புரதமாகச் செரித்து உடம்பில் சேருமாம்.

"உடம்பு எதையும் சும்மா விடாதுலா, அக்கா. காலையிலேர்ந்து நீங்களும் எச்சில முழுங்கிக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

சுத்தம் சோறு போடும் என்பார்கள். என் சுத்தம் என் கணவரின் சோற்றைக் கழிவறையில் போட்டது.

கூடவே வந்திருந்த என் கணவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டார்.

"நான் சாப்பிட்ட தட்டுலயே சோறு போட்டுச் சாப்பிடுவ. எனக்கு உள்ள போனது மட்டும் எப்படி கமலா குப்பையாச்சு?"

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் கூழைக் கொடுத்துவிட்டுத்தான் விளக்கேற்றினேன். தீக்குச்சியைப் பிடித்த விரலில் அந்த வாடை இருந்தது. அருவருப்பு ஒரு நாளும் குறையவில்லை. எடை மட்டும் மெல்ல ஏறியது.

நான் கொட்டிய நாட்களால் அறுவை தள்ளிப்போனாலும், குடலை இணைத்துவிட்டார்கள். இதே வேலை உங்கள் கைக்கு வந்தால் தாராளமாக அருவருப்படையுங்கள், கொட்டாதீர்கள்.

அவர் இப்போது லாரிக்குப் போகிறார். கூழ் கொடுத்த அந்த ஐந்து வேளைகளிலும், எந்த வேலையில் இருந்தாலும் என் கை தானாக நிற்கிறது. முன்பெல்லாம் எச்சில் விழுங்குவது எனக்குத் தெரிந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு முறையும் தெரிகிறது, குமட்டுகிறது. விழுங்குகிறேன்.